நெருக்கடி நேரத்தில் ஹெட் நர்ஸ்கள் செய்யக்கூடாத தவறுகள்

கொரோனா சமயத்தில் டாக்டர்களைப் பற்றிப் பேசினோம், நர்ஸ்களைப் பற்றியும் பேசினோம். அந்த நர்ஸ்களுக்கு டியூட்டி போட்டவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டவர்கள் குறைவு. காகிதத்தில் அவர் செவிலியர் கண்காணிப்பாளர், வார்டில் ஹெட் நர்ஸ். மேலே மருத்துவ அலுவலர், கீழே ஸ்டாஃப் நர்ஸ்கள், வாசலில் நோயாளியின் சொந்தபந்தம் என்று மூன்று பக்கமும் பதில் சொல்ல வேண்டிய வேலை. ராமநாதபுரம் கரையோரத்தில் நெருக்கடி கொரோனாவோடு போய்விடவும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழை விழுந்தால் காய்ச்சல் வார்டு நிரம்பும், அதே மாதங்களில்தான் புயல் எச்சரிக்கையும் வரும். அதனால் கீழே சொல்வது பழைய கதை இல்லை, அடுத்த சீசனுக்கானது.

"சமாளிச்சுக்கிட்டோம் சார்"

தவறுகளிலேயே பெரியது இதுதான். விடியற்காலையில் போன் வரும்: "சிஸ்டர், ராத்திரியிலேருந்து காய்ச்சல், இன்னைக்கு வர முடியாது." காலை ஷிப்டுக்கு ஆள் இல்லை. வேறு யாரைக் கூப்பிடுவது என்று யோசித்துவிட்டு ஹெட் நர்ஸ் தானே அந்த இடத்தில் நின்றுவிடுவார். ஊசி போடுவார், டிரிப் மாற்றுவார். ஸ்டோருக்குப் போக வேண்டிய இன்டென்ட் (மருந்தும் பொருளும் கேட்டு எழுதும் பட்டியல்), மற்ற வார்டுகளின் ரவுண்ட்ஸ் எல்லாம் மதியத்துக்குத் தள்ளிப்போகும், சாப்பாடும் போகும். மேலே இருந்து கேட்டால் சமாளித்துவிட்டதாகப் பதில் போகும்.

ஒரு நாள் என்றால் சரி. இதுவே வாடிக்கையானால், ஏட்டின்படி அந்த ஆஸ்பத்திரியில் ஆள் பற்றாக்குறையே கிடையாது. பற்றாக்குறை இல்லாத இடத்துக்கு மாற்றுப்பணியில் யாரை அனுப்புவார்கள்? எல்லாச் சுமையையும் தலையில் தூக்கிக்கொண்டவர் தன் கையாலேயே உதவிக்கான கதவையும் சாத்திவிடுகிறார். பொறுப்பானவர் என்று பெயர் வாங்கியவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள்.

இதற்கு மாற்று, எழுதி வைப்பது. இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு கையில் இருக்கிறது: போதனா மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற இடங்களில் ஐந்து பேருக்கு ஒருவர், விடுப்பை ஈடுகட்ட 30 சதவீதம் கூடுதல். 2022 ஜனவரியில் மருத்துவக் கல்லூரி திறந்த பிறகு ராமநாதபுரத்துப் பெரியாஸ்பத்திரிக்கும் மூன்றுக்கு ஒன்று என்ற கணக்குதான். நடைமுறை எங்கேயும் அப்படி இருக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு ஷிப்டுக்கும் இரண்டு வரி எழுத ஐந்து நிமிடம் போதும்: "நைட், காய்ச்சல் வார்டு. நோயாளிகள் 38, நர்ஸ் 2. எல்லோருக்கும் நேரத்துக்கு பி.பி. எடுக்க முடியவில்லை." தேதி, கையெழுத்து போட்டு மேலே ஒன்று அனுப்பி, ஃபைலில் ஒன்று வைக்க வேண்டும்.

அந்தக் கடைசி வாக்கியத்தை எழுதத்தான் பலருக்குக் கை வராது, நம்மையே நாம் காட்டிக்கொடுப்பது போலத் தோன்றும். ஆனால் அதிகாரிகளை அசைப்பது அதுதான். டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகு வரும் 24 முதல் 48 மணி நேரம்தான் ஆபத்தானது. நோயாளி எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்பார், வீட்டுக்குப் போகலாமா என்பார். உள்ளே ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்துகொண்டிருக்கும். பி.பி.யின் மேல் அளவும் கீழ் அளவும் நெருங்கி, வித்தியாசம் 20-க்கு வந்துவிட்டால் அது ரத்த ஓட்டம் குறைந்து உயிருக்கே ஆபத்தாகும் அதிர்ச்சி நிலைக்கான (ஷாக்) அறிகுறி. அதைப் பார்க்க ஆள் வேண்டும். "ஸ்டாஃப் கஷ்டப்படுகிறார்கள்" என்று எழுதினால் அனுதாபம் கிடைக்கும். பி.பி. எடுக்க முடியவில்லை என்று எழுதினால் ஆள் கிடைக்க வாய்ப்பு உண்டு.

சார்ட் போடுவதில் நடக்கும் தப்பு

மன அழுத்தத்துக்கு யோகா வகுப்பு, பிஸ்கட் பாக்கெட், கைதட்டல் என்று என்னென்னவோ செய்கிறார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. வார்டில் பாதி எரிச்சல் டியூட்டி சார்ட்டிலிருந்துதான் கிளம்புகிறது.

எதிர்த்துப் பேசாதவர்களுக்கே நைட் போடுவது முதல் தப்பு. தொகுப்பூதியத்தில் இருப்பவர்களும் கல்யாணம் ஆகாதவர்களும்தான் மாட்டுவார்கள். மாலை ஷிப்ட் முடிந்து போனவரை மறுநாள் காலை ஷிப்டுக்கே போடுவது இன்னொன்று. ஊருக்குள் வீடு இருந்தால் தூங்கி எழுந்து வந்துவிடலாம். வீடு ராமேஸ்வரத்தில் என்றால் பாம்பன் பாலம் தாண்டி ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போய்வர வேண்டும். தொண்டிப் பக்கமும் அதே கதைதான். அவருக்குத் தூங்கக் கிடைக்கும் நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் யாரும் அப்படி சார்ட் போட மாட்டார்கள்.

இந்தக் கரையில் இன்னொன்றும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். 2021-ல் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த மே மாதம் சரியாக அதற்குள் விழுந்தது. கடலுக்குப் போகும் குடும்பத்திலிருந்து வந்த நர்ஸ் என்றால், அந்த இரண்டு மாதம் வீட்டில் அடுப்பெரிவது அவர் சம்பளத்தில்தான். உடம்பு முடியாவிட்டாலும் வாய் திறக்க மாட்டார். "நான் பார்த்துக்கறேன் சிஸ்டர்" என்று கூடுதல் டியூட்டியையும் வாங்கிக்கொள்வார். அதை உற்சாகம் என்று எடுத்துக்கொண்டு மேலும் மேலும் போடுவது தவறு. யார் வீட்டில் என்ன நிலைமை என்பது ஹெட் நர்ஸுக்குத் தெரிந்திருக்க வேண்டும், துருவிக் கேட்க வேண்டியதில்லை.

முடிந்தவரை இரண்டு வார சார்ட்டை முன்கூட்டியே ஒட்டிவிட வேண்டும். திடீர் விடுப்புக்கு இன்று யார் வருவது என்று ஒரு பெயரை அதிலேயே எழுதிவிட்டால், விடிகாலை போனுக்குப் பதறத் தேவையில்லை. அந்தப் பெயர் சுழற்சியில் வர வேண்டும், ஹெட் நர்ஸ் பெயரும் அதில் எல்லோருக்கும் போல ஒரு முறை வந்தால் போதும்.

வாட்ஸ்அப் குழு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி பதினொரு மணிக்குப் படுக்கைக் கணக்கு கேட்டு மெசேஜ் போட்டால், டியூட்டியில் இல்லாதவரும் முழித்துக்கொள்வார். அவசரத்துக்கு போன், மற்றதெல்லாம் ஷிப்ட் மாறும்போது பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்டிங் ஓவரில். வாரத்தில் ஒரு நாளாவது ஹெட் நர்ஸின் போன் இன்னொருவர் கையில் இருக்க வேண்டும்.

அப்புறம், பார்வையாளர் முன்னால் நர்ஸைத் திட்டுவது. இங்கே ஒருவரை அட்மிட் செய்தால் தெருவே பின்னால் வரும். அவர்களை அமைதிப்படுத்துவதற்காக "நான் அவளைக் கேக்குறேன்" என்று சத்தம் போட்டால் கூட்டம் கலையும். ஆனால் அந்த நர்ஸ் அடுத்த முறை தவறு நடந்தால் சொல்ல மாட்டார், மறைப்பார்.

கோபத்தைக் கண்டிப்பு என்று நினைப்பது

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வேலையால் வரும் சோர்வுக்கு (பர்ன் அவுட்) மூன்று அடையாளம் சொன்னது: சக்தியெல்லாம் வடிந்த உணர்வு, வேலையின் மேல் வெறுப்பும் அவநம்பிக்கையும், என்ன செய்தும் பலனில்லை என்ற எண்ணம். இதை நோய் என்று அது வகைப்படுத்தவில்லை, வேலைச் சூழலில் எழும் நிலை என்றது. ஹெட் நர்ஸிடம் இரண்டாவது அடையாளம் பெரும்பாலும் கண்டிப்பு வேஷத்தில் வரும். கேஸ் ஷீட்டில் சின்ன அடித்தல் இருந்தாலும் எரிந்து விழுவார். லீவு கேட்பவர் எல்லோரும் நடிக்கிறார்கள் என்று தோன்றும். "மேடம் இப்பல்லாம் ரொம்ப ஸ்ட்ரிக்ட்" என்று மற்றவர்களும் விட்டுவிடுவார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படிப் போனால், தூக்கமும் கெட்டால், யாரிடமாவது பேசிவிடுவது நல்லது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.

அலை ஓய்ந்த மறுநாளே பழைய வேகத்துக்குத் திரும்புவதும் தவறு. நெருக்கடியில் ஓடும்போது தெரியாத களைப்பு, வார்டு காலியான பிறகுதான் உடம்பில் இறங்கும். தள்ளிப்போட்ட ஆஃப்களைக் கேட்டவருக்குக் கேட்டபோது தரலாம் என்று விட்டால், கேட்கத் தெரிந்தவர்கள் மட்டும் எடுத்துக்கொள்வார்கள். யாருக்கு எத்தனை நாள் பாக்கி என்று பட்டியல் போட்டு, அடுத்த மாத சார்ட்டிலேயே தேதியோடு எழுதிவிட வேண்டும். அந்தப் பட்டியலில் ஹெட் நர்ஸின் பெயர் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வது அவருக்கு மேலே இருப்பவரின் வேலை.