குக்கீகள்: அஞ்ச வேண்டியது எதற்கு?

குக்கீயைக் கணினிக்குள் புகுந்து வேவு பார்க்கும் வைரஸாகக் கருதுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. அது இணையதளம் ஒன்று நம் உலாவியில் (browser) சேமித்துவைக்கும் வெறும் எழுத்துத் துணுக்கு. பொதுவாக 4 கிலோபைட்டைத் தாண்டாது, தானாக இயங்காது, நம் கோப்புகளைத் திறந்து படிக்கவும் இயலாது. இணையத்தின் அடிப்படை நெறிமுறை ஒவ்வொரு கோரிக்கையையும் முன்பின் தொடர்பற்றதாகவே கையாள்வதால், சற்றுமுன் உள்நுழைந்தவர் இவர்தான் என்பதைத் தளம் நினைவில் வைத்துக்கொள்ள, உலாவி தயாரித்த நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொன்டுல்லி 1994இல் இம்முறையை வகுத்தார். தளம் ஓர் அடையாளக் குறியைத் தரும்; உலாவி அதைச் சேமித்துவைத்து, அத்தளத்துக்குச் செல்லும்போதெல்லாம் உடன் அனுப்பும். ஒரு தளத்தின் குக்கீயை மற்றொரு தளம் படிக்க முடியாது.

அப்படியிருந்தும் ஒரு தளத்தில் பார்த்த காலணி வேறொரு தளத்தின் விளம்பரத்தில் வந்து நிற்கிறது. இரண்டிலும் ஒரே விளம்பர நிறுவனத்தின் நிரல் பதிக்கப்பட்டிருப்பதால், இரண்டு இடங்களிலும் அந்நிறுவனத்தின் குக்கீ அதனிடமே போய்ச் சேர்கிறது. நாம் எங்கெங்கு சென்றோம் என்பதை அது கோத்துவிடுகிறது. இந்த மூன்றாம் தரப்புக் குக்கீகளே தனியுரிமைக்குக் கேடு. இதை உணராமல் எல்லாவற்றையும் அடிக்கடி அழிப்பது வீண்வேலை. 'வேண்டாம்' என்று நாம் அளித்த பதிலும் பெரும்பாலும் குக்கீயாகவே சேமிக்கப்படுவதால், அனுமதி கேட்கும் பெட்டி மீண்டும் வந்து நிற்கும். சஃபாரி உலாவி 2020 முதல் மூன்றாம் தரப்புக் குக்கீகளை முழுமையாகத் தடுக்கிறது. ஃபயர்பாக்ஸ் 2022 முதல் அவற்றை ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியாகப் பிரித்துவைக்கிறது. குரோமிலிருந்து அவற்றை நீக்கப்போவதாக 2020இல் அறிவித்த கூகுள் பின்னர் அத்திட்டத்தைக் கைவிட்டதால், குரோம் பயன்படுத்துவோர் அமைப்புகளுக்குச் சென்று தாமாகவே தடை செய்துகொள்வது நல்லது. அதற்குப் பிறகும், திரையின் அளவு, எழுத்துருக்கள் போன்ற விவரங்களைக் கொண்டு ஒரு கருவியை அடையாளம் காணும் வழி எஞ்சியிருக்கிறது என்பதையும் மறக்கலாகாது.

உலாவியின் மறைநிலைச் சாளரத்தை (incognito) மறைந்துகொள்ளும் இடமாக நம்புவதும் பிழையே. சாளரங்களை மூடியதும் அதன் குக்கீகள் அழியும், அவ்வளவுதான். இணையச் சேவை வழங்குநருக்கும், நாம் உள்நுழையும் தளத்துக்கும் அது எதையும் மறைப்பதில்லை.

விளம்பரங்களைக் குறித்தே கவலைப்படுவோர் கவனிக்கத் தவறுவது உள்நுழைவுக் குக்கீயை. அது களவுபோனால், கடவுச்சொல்லும் ஓடிபியும் இல்லாமலேயே நம் கணக்குக்குள் பிறர் நுழைந்துவிடலாம். பொதுக் கணினியில் வெளியேறாமல் சாளரத்தை மட்டும் மூடுவதும், முன்பின் அறியாத உலாவி நீட்சிகளையும் (extensions) திருட்டு மென்பொருள்களையும் நிறுவுவதும் இதற்கு வழிவிடுகின்றன. களவு நடந்ததாக ஐயம் எழுந்தால் நம் கணினியிலுள்ள குக்கீயை அழிப்பதால் பயனில்லை, ஏனெனில் நகல் திருடியவரிடம் இருக்கிறது. கணினியில் தீங்குநிரல் இல்லை என்று உறுதிசெய்தபின், கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் வசதியைப் பயன்படுத்தி, கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டும்.