முதல் இழைப்புளி வாங்கப் போகிறீர்களா? ஒன்று போதும்

மரவேலை பழகலாம் என்று இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது, எத்தனை இழைப்புளி வாங்க வேண்டும் என்றுதான். ஒன்று வாங்குங்கள், போதும். அது 5 ஆம் நம்பர் இரும்பு இழைப்புளியாக இருக்கட்டும், புதிதோ பழையதோ பரவாயில்லை, ஆனால் கையில் இருக்கிற பணத்தில் பாதியைச் சாணைக்கல்லுக்கு ஒதுக்கி வைத்துவிட்டு மீதிக்கு இழைப்புளி தேடுங்கள். ஆன்லைனில் நாலைந்து சேர்ந்த செட்டைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கி, ஒன்றுமே சரியாக வெட்டாமல் பரணில் போட்டவர்கள் கோயம்புத்தூர், திருப்பூர் பக்கம் எனக்குத் தெரிந்தே நிறையப் பேர். அந்தப் பரண்களில் கிடக்கிற இழைப்புளிகளை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் குறை ஒன்றே ஒன்றுதான், பிளேடில் ஒரு நாளும் கூர் ஏறவில்லை.

நம்பர் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்று கடையில் கிடைக்கிற இரும்பு இழைப்புளிகளில் பெரும்பாலானவை அமெரிக்காவின் லெனார்டு பெய்லி வடிவமைத்த மாதிரி. அவருடைய உரிமைகளை 1869இல் ஸ்டான்லி நிறுவனம் வாங்கியது, அந்த வரிசையின் 1 முதல் 8 வரையான நம்பர்களைத்தான் மற்ற கம்பெனிகளும் பின்பற்றுகின்றன. நம்பர் ஏற ஏற நீளம் ஏறும். 4 ஆம் நம்பர் ஏறக்குறைய 25 செ.மீ., 5 ஆம் நம்பர் 35 செ.மீ., 7 ஆம் நம்பர் 56 செ.மீ. நீளம் எதற்கு என்றால், நீளமான அடிப்பாகம் பலகையின் பள்ளங்களில் இறங்காமல் மேடுகளின் மேலேயே ஓடும், அதனால் மேடு மட்டும் சீவப்பட்டுப் பலகை மெல்ல மெல்ல மட்டத்துக்கு வரும். குட்டையான 4 ஆம் நம்பர் பள்ளத்துக்குள்ளும் இறங்கிச் சீவிவிடும், ஏற்கெனவே மட்டமான பலகையைக் கடைசியில் வழவழப்பாக்க அது அருமை, வளைந்து கிடக்கிற பலகையை நேராக்க அதை வைத்து மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

முதலில் 4 வாங்கு என்று சொல்கிறவர்களும் உண்டு, கைக்கு அடக்கம், எடை குறைவு என்பார்கள், அது உண்மையும்கூட. ஆனாலும் நான் 5 பக்கம்தான். ரம்பத்தில் அறுத்த சொரசொரப்பை எடுக்கவும், ஓரம் நேராக்கவும், ஸ்டூல் பலகை அளவுக்கு மேற்பரப்பை வழவழப்பாக்கவும் அது ஒன்றே ஓடும். பிளேடு அகலம் இரண்டிலுமே சாதாரணமாக 2 அங்குலம்தான், ஆகவே 5க்கு வாங்குகிற உபரி பிளேடு பின்னாளில் 4 வாங்கினால் அதற்கும் உதவும். அந்த உபரி பிளேடைக் கட்டாயம் வாங்குங்கள். ஒன்றின் முனையை லேசான வில் போல வளைவாகத் தீட்டி முரட்டுச் சீவலுக்கு வையுங்கள், இன்னொன்றை நேராகத் தீட்டி இரு மூலைகளை மட்டும் ஒரு துளி மழுக்கி நைசு வேலைக்கு வையுங்கள். பிளேடை மாற்றினால் அதே இழைப்புளி வேறு வேலைக்குத் தயார்.

இப்போது பழையது வாங்குவது. இதில்தான் காசு மிச்சம், இதில்தான் கவனமும் வேண்டும். கோயம்புத்தூர் உக்கடம் பக்கத்துப் பழைய இரும்புக் கடைகள், தொழிலை விட்டுவிட்ட பட்டறைகள், வயதான ஆசாரிமார் வீடுகள் என்று தேடினால் பழைய ஸ்டான்லி, ரெக்கார்டு, நம் நாட்டு அனந்த் எல்லாம் கண்ணில் படும். "ஏனுங்க, அந்த இழைப்புளியக் கொஞ்சம் பிரிச்சுப் பாக்கட்டுங்களா?" என்று கேளுங்கள், பிரிக்க விடாத இடத்தில் வாங்காதீர்கள். பிரித்ததும் முதலில் பார்க்க வேண்டியது விரிசல். உடம்பு வார்ப்பிரும்பு, பீளமேடு, கணபதி பக்கம் பவுண்டரிக்காரர்களைக் கேட்டால் தெரியும், அது அழுத்தத்தைத் தாங்கும், அடியைத் தாங்காது, சிமெண்டுத் தரையில் ஒரு தடவை விழுந்தாலே போதும். பிளேடு எட்டிப் பார்க்கிற வாய்ப் பிளவின் இரு மூலைகளிலும், பக்கச் சுவர் அடியோடு சேருகிற இடத்திலும் மண்ணெண்ணெய் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழை விரிசலுக்குள் எண்ணெய் நின்று கோடாகக் காட்டும். விரிசல் இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள், பற்றவைத்தது என்றாலும் அப்படித்தான்.

துருவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மேலாகப் படிந்த செந்துரு தேய்த்தால் போய்விடும். பிளேடின் தட்டையான பின்பக்கத்தில், முனையை ஒட்டி, புள்ளி புள்ளியாகக் குழி விழுந்திருந்தால் அது வேறு கதை, கூர் என்பது அந்தப் பின்பக்கமும் சரிவும் சந்திக்கிற கோடு, ஒரு பக்கம் குழியாக இருந்தால் அந்தக் கோடு பல்லுப் பல்லாகத்தான் வரும். பிளேடில் இன்னும் எவ்வளவு நீளம் மிச்சம் என்றும் பாருங்கள், நடுவிலுள்ள நீளத் துளையை நெருங்கும் அளவுக்குத் தேய்ந்திருந்தால் புது பிளேடு செலவையும் சேர்த்து விலை பேசுங்கள். பிளேடுக்கு முட்டுக் கொடுக்கிற சாய்வுக் கட்டை ஆடாமல் உட்காருகிறதா, பின்னாலுள்ள பித்தளைத் திருகு சுற்றினால் பிளேடு ஏறி இறங்குகிறதா, இதெல்லாம் இரண்டு நிமிட வேலை. திருகு ஒரு அரைச் சுற்று சும்மா சுற்றிவிட்டுப் பிடித்தால் அது குறையல்ல. கைப்பிடி உடைந்திருந்தால் சந்தோஷப்படுங்கள், விலை குறையும், கைப்பிடியை நீங்களே செய்துகொள்ளலாம்.

அடிப்பாகத்தின் மட்டம் பார்க்க ஒரு எஃகு ஸ்கேலைக் குறுக்கிலும் நெடுக்கிலும் நிறுத்தி டியூப்லைட்டுக்கு நேராகப் பிடியுங்கள். முன்நுனி, வாய்க்கு முன்னால் இருக்கிற பட்டை, பின்நுனி, இந்த மூன்றும் ஒரே மட்டத்தில் தொட்டால் போதும், இடையில் கொஞ்சம் வெளிச்சம் தெரிவது வேலையைக் கெடுக்காது. வாய்ப் பக்கம் பள்ளமாக இருந்தால்தான் தொல்லை. லேசான கோணல் என்றால் தடிமனான கண்ணாடியிலோ, வீடு கட்டும்போது மிஞ்சிய கிரானைட் துண்டிலோ 80 நம்பர் எமரி பேப்பரை ஒட்டித் தேய்த்து எடுத்துவிடலாம். தேய்க்கும்போது பிளேடை உள்ளே இழுத்துவிட்டு, ஆனால் கழற்றாமல், எப்போதும் போல இறுக்கி வைத்திருங்கள், அந்த இறுக்கத்தில் உடம்பு எப்படி நிற்கிறதோ அப்படித்தான் மட்டமாக வேண்டும். நம் ஊரில் இரும்பை மட்டமாகத் தேய்த்துத் தருகிற சர்ஃபேஸ் கிரைண்டிங் பட்டறைக்குப் பஞ்சமில்லை, கொடுத்தும் வாங்கலாம், ஆனால் மிகக் குறைவாக எடுக்கச் சொல்லுங்கள், அடி மெலிந்தால் திரும்ப வராது.

மர இழைப்புளி? பாட்டன் காலத்தது வீட்டில் கிடந்தால் தாராளமாக எடுங்கள், மரம் மரத்தின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடும், கைக்கு இதம். அதில் பிளேடை ஆப்பு வைத்து இறுக்கியிருப்பார்கள். பிளேடின் தலையில் தட்டினால் ஆழம் கூடும், கட்டையின் பின்முனையில் தட்டினால் ஆழம் குறையும், ஒவ்வொரு தட்டலுக்குப் பிறகும் ஆப்பை மறுபடி இறுக்க வேண்டும். ஆசாரியார் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து காட்டித் தந்தால் சீக்கிரம் பிடிபடும். தனியாகப் பழகுகிறவருக்குத் திருகு வைத்த இரும்பு எளிது, அதனால்தான் அதைச் சொல்கிறேன். ஜப்பான் ரகம், குழி போடும் ரகம், விளிம்பு அலங்கார ரகம் எல்லாம் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, சாணை. புது இழைப்புளி என்றாலும் கடையிலிருந்து வருகிற பிளேடு வேலைக்குத் தயாராக இருக்காது. அதைத் தெருவில் சாணை பிடிக்கிறவரிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள், அவர் சக்கரம் கத்திக்குச் சரி, இந்த மெல்லிய முனை சூடேறி நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடத்தில் எஃகு மென்மையாகிவிடும், பிறகு எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற, ஒரு பக்கம் முரடு ஒரு பக்கம் நைசு என்கிற கார்பரண்டம் கல்லில் தொடங்கலாம், கூடவே 1000 நம்பர் வாட்டர் பேப்பரும் 2000 நம்பர் வாட்டர் பேப்பரும் கண்ணாடித் துண்டும் இருந்தால் ஆரம்பத்துக்கு அதுவே நிறைவு. கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் 400, 1000 இரண்டு பக்கமும் உள்ள வைரத் தகடு வாங்குங்கள், கல் போலக் குழி விழாது.

முதலில் பின்பக்கத்தின் முனை ஓரத்தை, ஒரு விரல் அகலத்துக்கு, கண்ணாடி போல ஆகும்வரை தட்டையாகத் தேய்க்க வேண்டும், இது ஒரு பிளேடுக்கு ஒரு தடவை செய்கிற வேலை, பொறுமையாகச் செய்துவிடுங்கள். பிறகு சரிவுப் பக்கம். அடிப்படைச் சரிவு 25 பாகை, முனையில் மட்டும் கூர் தீட்டுவது 30 பாகை. கை நடுங்குகிறது என்றால் பிளேடை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கிற சக்கரம் வைத்த பிடி ஒன்று விற்கிறது, அதில் பிளேடு 38 மி.மீ. வெளியே நீட்டினால் 30 பாகை, 50 மி.மீ. நீட்டினால் 25 பாகை. முரட்டுக் கல்லில் தேய்க்கத் தேய்க்கப் பின்பக்கம் மெல்லிய பிசிறு ஏறும், விரலைக் குறுக்கே தடவினால் தட்டுப்படும். முனை முழுக்கப் பிசிறு வந்த பிறகுதான் அடுத்த நைசுக்குப் போக வேண்டும், அது வருவதற்கு முன்பே மாறினால் நேரம்தான் வீண். கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உட்பக்கத்தில் இழுத்துப் பிசிறை எடுத்துவிடுங்கள். கூர் வந்ததா என்று பார்க்க, பைன் மரத் துண்டின் குறுக்கே அறுத்த முனையில் ஒரு சீவு சீவுங்கள், நொறுங்காமல் பளபளப்பாக வெட்டினால் வந்துவிட்டது.

பிளேடின் மேல் திருகி வைக்கிற தகட்டை முரட்டு வேலைக்கு முனையிலிருந்து 1, 2 மி.மீ. தள்ளி வையுங்கள், நைசு வேலைக்கு அரை மி.மீ.க்கும் குறைவாக நெருக்குங்கள், மரம் பிய்ந்து வருவது அப்படியே அடங்கும். பிளேடை முழுக்க உள்ளே இழுத்துவிட்டு, மரத்தில் தள்ளிக்கொண்டே திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி இறக்குங்கள். அடிப்பாகத்தில் மெழுகுவத்தியால் இரண்டு கோடு போட்டால் தள்ளுகிற பாரம் பாதி குறைந்த மாதிரி இருக்கும்.

எந்த மரத்தில் பழகுவது என்பதும் இழைப்புளி வாங்குவதோடு சேர்ந்த விஷயம். திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் வெளிநாட்டு மெஷின்கள் வந்து இறங்குகிற பைன் பெட்டிகள் பிரித்த பலகையாகக் கிடைக்கும், அதில் தொடங்குங்கள். பெட்டியில் எச்.டி. (HT) முத்திரை இருந்தால் சூடேற்றிப் பக்குவப்படுத்தியது, எம்.பி. (MB) என்றால் மீத்தைல் புரோமைடு புகை போட்டது, அதை விட்டுவிடுங்கள். ஆணி முறிந்து உள்ளே இருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பாருங்கள். தோட்டத்தில் வெட்டிய வேம்பு, வாகை சும்மா கிடைக்கிறதே என்று அதில் ஆரம்பிக்காதீர்கள், நார் மாறி மாறிப் பின்னி ஓடுகிற மரங்கள் அவை, எந்தப் பக்கம் இருந்து தள்ளினாலும் எங்காவது பிய்யும், வாகைத் தூசி தும்மலும் கொடுக்கும். பொள்ளாச்சிப் பக்கம் தென்னம்பலகை தாராளம், ஆனால் அது பிளேடின் கூரைச் சீக்கிரம் மழுக்கிவிடும். தேக்கு நன்றாக இழையும், மணலின் கூறான சிலிக்கா அதில் உண்டு என்பதால் அடிக்கடி தீட்ட வேண்டும். பலகையின் பக்கவாட்டு ஓரத்தைப் பாருங்கள், ரேகைகள் எந்தத் திசையில் மேலேறிப் போகின்றனவோ அந்தத் திசையில் தள்ளுங்கள். தள்ளத் தொடங்கும்போது பாரம் முன்னால் பிடித்த கையில், முடிக்கும்போது பின்னால் பிடித்த கையில்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வீசுகிற மாதங்களில் இரும்பை வெறுமனே வைக்கக் கூடாது. வேலை முடிந்ததும் தையல் மெஷின் எண்ணெய் நனைத்த துணியால் துடைத்துப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள்.

ஒன்றிரண்டு சின்ன வேலை முடித்த பிறகு இரண்டாவது தேவைப்படும், அப்போது ஒரு கையால் பிடிக்கிற குட்டி பிளாக் இழைப்புளி வாங்குங்கள், 60½ நம்பர் என்றால் பிளேடு 12 பாகைச் சரிவில் படுத்திருக்கும், பலகையின் அறுத்த முனையையும் கூர் மூலைகளையும் அது சுத்தமாக எடுக்கும். 4 ஆம் நம்பர் அதற்குப் பிறகு.