பிளைஸ் மீனின் குளிர்காலச் சேமிப்பை அளக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐரோப்பாவின் வட கடலில் வாழும் பிளைஸ், நம்மூர் நாக்கு மீனைப் போலத் தட்டை மீன். வசந்தம் முதல் இலையுதிர்காலம் வரை புழுக்களையும் சிப்பிகளையும் தின்று கொழுப்பையும் புரதத்தையும் உடம்பில் சேர்த்துவைக்கும். டிசம்பரிலிருந்து மார்ச் வரை முட்டையிடும் காலம். வளர்ந்த மீன் அப்போது பெரும்பாலும் இரை எடுக்காது, சேமிப்பைக் கரைத்தே பிழைக்கும். இதை அளக்க வரும் புதியவர்கள் மறுபடி மறுபடி அதே சில இடங்களில் சறுக்குகிறார்கள். சீட்டு மாறுவது, தராசைப் பூஜ்ஜியமாக்க மறப்பது போன்றவற்றை விட்டுவிடுவோம்.

முழு எடையை நம்புவது

எடையைக் கிராமிலும் நீளத்தைச் செ.மீ.யிலும் எடுத்து, எடையை நீளத்தின் மும்மடியால் வகுத்து 100-ஆல் பெருக்குவது வழக்கம்; மீன் எவ்வளவு கொழுமையாக இருக்கிறது என்பதற்கு இதுவே குறியீடு. அக்டோபரில் 40 செ.மீ. பெண் மீன் 640 கிராம் என்று வைத்துக்கொள்வோம்: குறியீடு 1.00. ஜனவரியிலும் 640 கிராமே இருந்தால், 'மீன் மெலியவில்லை' என்று எழுதிவிடுகிறார்கள். எத்தனை முறை சொன்னாலும் இது திரும்ப வருவதுதான் எரிச்சல். ஜனவரி எடையில் 100 கிராம் சினை. அதை எடுத்தால் 540 கிராம், குறியீடு 0.84. உடம்பில் இருந்தது சினைக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

குடல், ஈரல், சினை நீக்கிய எடையும் போதாது. கொழுப்பும் புரதமும் கரைந்த இடத்தில் தசைக்குள் தண்ணீர் ஏறிக்கொள்கிறது. 100 கிராம் தசையில் தண்ணீர் 80-லிருந்து 85 கிராமானால் திடப்பொருள் 20-லிருந்து 15. கால் பங்கு போய்விட்டது. தராசு அசையவே இல்லை! ஆகவே கண் உள்ள பக்கத்தில் (தட்டை மீனுக்கு இரு கண்களும் ஒரே பக்கம்), எல்லா மீனிலும் ஒரே இடத்தில் தசைத் துண்டு எடுத்து, 60 டிகிரி செல்சியஸில் எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்துங்கள். துண்டை உறையவைக்கும் முன்பே எடை போடுங்கள். உருகும்போது வடியும் நீர் கணக்கைக் கெடுத்துவிடும்.

ஈரலை மட்டும் பார்ப்பது

காட் மீனிடம் பழகியவர்களின் பழக்கம். காட் கொழுப்பை ஈரலில் வைக்கும். பிளைஸுக்குத் தசையும் களஞ்சியம்.

ஆண், பெண் மீன்களின் கணக்கைக் கலப்பது

கலக்காதீர்கள்.

காலி வயிற்றைப் பட்டினி என்பது

பிளைஸ் பகலில், கண்ணால் இரை தேடும். விடியுமுன் இழுத்த வலையில் கோடையிலும் வயிறு பெரும்பாலும் காலியாகவே இருக்கும். சோல் என்ற இன்னொரு தட்டை மீன் நேர்மாறு, அது இரவில் மேயும். வலை இழுத்த நேரத்தைக் குறிக்காத வயிற்றுக் கணக்கைப் பருவ ஒப்பீட்டில் சேர்க்க வேண்டாம்.