'லாஸ்டிங் எஃபெக்ட்': எழுதும்போது எங்கே சறுக்குகிறோம்?

பிளஸ் டூ மாணவி ஒருத்தி போபால் விஷவாயுக் கசிவைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதிக் கொண்டுவந்தாள். 1984 டிசம்பரில் நடந்தது, கசிந்தது மெத்தில் ஐசோசயனேட், தப்பிப் பிழைத்தவர்களுக்குக் கண்ணும் நுரையீரலும் கெட்டது என்று விவரமெல்லாம் சரியாக இருந்தது. இடறியது ஒரே வரிதான்: 'தி கேஸ் லீக் ஹேட் லாங் லாஸ்டட் அஃபெக்ட்ஸ் டு தி பீப்பிள்.' மூன்று பிழைகள். மூன்றுக்கும் வேர் நம் தமிழில் இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

தமிழில் 'நீடித்த பாதிப்பு' என்போம். 'நீடித்த' இறந்தகாலம் என்பதால் கை தானாக 'லாஸ்டட்' என்று எழுதிவிடுகிறது. ஆங்கிலத்தில் அது எப்போதும் 'லாஸ்டிங்'தான். முன்னால் 'லாங்' சேர்த்தால் நடுவில் சிறுகோடு போடுங்கள்.

அடுத்தது, பலரையும் படுத்தும் 'ஏ'யா 'ஈ'யா என்ற குழப்பம். நமக்குப் 'பாதித்தது', 'பாதிப்பு' இரண்டும் ஒரே வேர். ஆங்கிலத்தில் அவை தனித்தனிச் சொற்கள், காதில் விழும்போது கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். அதனால் எழுதுவதற்கு முன் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'ஊரைப் பாதித்தது' என்று வினை வந்தால் 'ஏ'யில் தொடங்கும் அஃபெக்ட். 'பாதிப்பு', 'தாக்கம்', 'விளைவு' என்று பெயர் வந்தால் 'ஈ'யில் தொடங்கும் எஃபெக்ட். ('எஃபெக்ட் எ சேஞ்ச்' என்றால் மாற்றத்தைக் கொண்டுவருவது. அங்கே மட்டும் 'ஈ' வினையாகும். பள்ளிக் கட்டுரையில் அது அபூர்வம்.)

மூன்றாவதுக்கும் தமிழே துணை. 'மக்களுக்குப் பாதிப்பு' என்று நினைத்தால் 'டு' வருகிறது, 'மனதில் தாக்கம்' என்று நினைத்தால் 'இன்' வருகிறது. 'மக்கள் மேல்' என்று நினையுங்கள், 'ஆன்' வந்துவிடும். ஆனால் 'மக்களைப் பாதித்தது' என்னும்போது 'மேல்' இல்லை அல்லவா? அஃபெக்ட்டுக்குப் பின்னாலும் 'ஆன்' கிடையாது.

ஒருமையில் எழுதினால் 'எ லாஸ்டிங் எஃபெக்ட்'. அந்த 'எ' விடுபடக் கூடாது. 'லாங்-ஸ்டாண்டிங்' வேறு சொல், பழைய நட்புக்கும் தீராத வழக்குக்கும் பொருந்தும், விளைவுக்கு ஒட்டாது.

மாணவி வரியைத் திருத்தினாள்: 'தி கேஸ் லீக் ஹேட் லாங்-லாஸ்டிங் எஃபெக்ட்ஸ் ஆன் தி பீப்பிள்.' பிறகு அவளாகவே 'தி பீப்பிள்' என்பதை அடித்துவிட்டு 'தெயர் ஐஸ் அண்ட் லங்ஸ்' என்று எழுதினாள்.