தட்டைப் பார்த்து பாட்டிலை எடுங்கள்: அல்சாஸ் சாப்பாடும் ஒயினும்

கிழக்கு பிரான்ஸின் அல்சாஸ் பகுதியில் உள்ள கொல்மார் ஊரில் ஒரு வின்ஷ்டூப்பில் பரிமாறும் வேலை பார்க்கிறேன். வின்ஷ்டூப் என்றால் அல்சாஸ் பகுதிச் சாப்பாடும் அந்தப் பகுதி ஒயினும் கிடைக்கிற சின்ன உணவகம். மேசையில் உட்காரும் வெளியூர்க்காரர்களும் சரி, பாரிஸிலிருந்து வரும் எங்கள் சொந்தக்காரர்களும் சரி, முதலில் கேட்பது இதைத்தான்: "கறிக்குச் சிவப்பு, மீனுக்கு வெள்ளை, அப்படித்தானே?" அந்தக் கணக்கு இங்கே செல்லாது. அல்சாஸில் விளைவதில் ஏறக்குறைய 90 சதவீதம் வெள்ளை ஒயின். பன்றி, மாடு, வாத்து எல்லாவற்றையும் தலைமுறை தலைமுறையாக வெள்ளையோடு சாப்பிட்டு வருகிறார்கள், பொருத்தமாகவும் இருக்கிறது.

நான் பார்ப்பது தட்டில் உள்ள சுவையை. சாப்பாடு புளித்தால் ஒயின் அதைவிட ஒரு படி கூடுதலாகப் புளிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். சாப்பாடு இனித்தால் ஒயினும் அந்த அளவுக்காவது இனிக்க வேண்டும். கொழுப்பு இருந்தால் புளிப்போ நுரையோ வேண்டும், அதுதான் நாக்கைக் கழுவிவிட்டு அடுத்த வாய்க்குத் தயார் செய்யும். காரம் இருந்தால் ஆல்கஹால் அதிகமுள்ள ஒயினையும் துவர்ப்பான சிவப்பையும் தள்ளி வையுங்கள். இரண்டுமே எரிச்சலைக் கூட்டும். கொஞ்சம் இனிப்பு அதை அடக்கும்.

கடையில் நிற்கும்போது என்ன பார்ப்பது? அல்சாஸ் பாட்டில் ஒல்லியாக, உயரமாக இருக்கும். பிரான்ஸின் மற்ற பல பகுதிகளில் ஊர்ப் பெயரை முன்னால் போடுவார்கள், இங்கே திராட்சையின் பெயரையே போட்டிருப்பார்கள். ஆனால் அது மட்டும் போதாது. மேற்கே வோஸ்ஜ் மலை மழையை மறித்துவிடுவதால் கொல்மார் பிரான்ஸிலேயே மழை குறைந்த ஊர்களில் ஒன்று. அறுவடைக் காலத்தில் வெயில் நின்றடித்தால் பழத்தில் சர்க்கரை ஏறிவிடும், அதில் ஒரு பங்கு நொதிக்காமல் ஒயினிலேயே தங்கவும் செய்யும். ஒரே தெருவில் இரண்டு தயாரிப்பாளர் வீடுகளில் பினோ கிரி என்ற திராட்சையின் வெள்ளை ஒயினை வாங்கினால் ஒன்று இனிக்கும், இன்னொன்று இனிக்காது. இதனால் வந்த குழப்பத்துக்குத்தான் 2021 அறுவடையிலிருந்து இனிப்பின் அளவை லேபிளில் எழுதுவதைக் கட்டாயமாக்கினார்கள். 'செக்' என்றால் இனிப்பு தெரியாது. 'தெமி செக்' லேசான இனிப்பு. 'முவாலே' நன்றாகவே இனிக்கும், லிட்டருக்கு 45 கிராம் சர்க்கரை வரை போகும். அதற்கும் மேலே 'தூ'. நான் திராட்சையின் பெயருக்கு அடுத்தபடியாகப் பார்ப்பது இந்தச் சொல்லைத்தான்.

வாரநாள் சாப்பாட்டுக்கு விலை கூடிய பாட்டில் தேவையே இல்லை. தார்த் ஃப்ளாம்பே வாங்கி வருகிறீர்கள் என்று வையுங்கள். மெல்லிய மாவின் மேல் கிரீம், வெங்காயம், உப்புப் பன்றிக்கறி, அவ்வளவுதான். இதற்குப் பினோ பிளாங் என்ற வெள்ளை ஒயின் போதும். அந்த பாட்டிலில் பெரும்பாலும் ஒக்செர்வா என்ற இன்னொரு திராட்சையும் கலந்திருக்கும், அதனால்தான் அது மென்மையாக இருக்கிறது. வெங்காயத் தார்த், கிஷ் என்ற முட்டையும் கிரீமும் ஊற்றிச் சுட்ட தார்த், முந்தின நாள் மிஞ்சிய வறுத்த கோழி எல்லாவற்றுக்கும் இதுவே சரி. சில்வனேர் என்ற வெள்ளை ஒயின் இன்னும் இலேசானது. வேகவைத்த உருளைக்கிழங்கோடு பிபலஸ்கேஸ் என்ற மூலிகை போட்ட வெண்மையான தயிர்க்கட்டி சாப்பிடும்போது அதைத்தான் ஊற்றுவேன். நான்கைந்து பேர் கூடினால் ஒரு கிரெமாங் திறந்துவிடுங்கள். ஷாம்பெயின் போலவே பாட்டிலுக்குள் இரண்டாம் முறை நொதித்த நுரை ஒயின், விலை அதில் பாதிகூட இருக்காது. எண்ணெயில் பொரித்த எதற்கும் அதற்கு இணை கிடையாது.

இளவேனில் என்றால் இங்கே வெள்ளை அஸ்பாரகஸ். ஏப்ரலில் தொடங்கி, ஜூன் 24, புனித யோவான் திருநாளோடு அறுப்பதை நிறுத்திவிடுவார்கள். அந்த வாரங்களில் எங்கள் உணவகத்தில் மேசைக்கு மேசை அதுதான்: தோல் சீவி வேகவைத்த தண்டுகள், இரண்டு வகை ஹாம், மூன்று கிண்ணங்களில் மயோனெய்ஸ், வினிகர் சாஸ், வெண்ணெயும் முட்டையும் அடித்த சாஸ். ஒயினுக்குத் தொல்லை கொடுக்கும் காய்கறி இது. அதில் கந்தக வாசனை உண்டு, பச்சை வாசனையும் உண்டு. துவர்ப்பான ஒயினோ மரப்பீப்பாயில் வைத்த ஒயினோ குடித்தால் வாயில் தகரம் சப்பிய ருசி வரும். மஸ்கட் திராட்சையில் செய்யும் அல்சாஸ் ஒயின் மட்டும் இதோடு சண்டை போடுவதில்லை. மற்ற ஊர் மஸ்கட் பெரும்பாலும் இனிப்பு என்பதால் பலர் பயப்படுகிறார்கள். இங்கே அது வழக்கமாக செக், முகர்ந்தால் கொடியிலிருந்து அப்போதுதான் பறித்த திராட்சையின் மணம். அந்தப் பச்சை மணம்தான் தண்டின் பச்சைத்தன்மையோடு போய் ஒட்டிக்கொள்கிறது. வினிகர் சாஸை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள், அல்லது வினிகருக்குப் பதில் எலுமிச்சை பிழியுங்கள். வினிகர் எந்த ஒயினையும் கெடுக்கும்.

கோடைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குளிர்ந்த கறித்துண்டுகள், சாலட், கரியடுப்பில் சுட்ட இறைச்சி. பினோ நுவார் என்ற சிவப்பு ஒயினை 14 டிகிரி வரை குளிரவைத்துக் குடியுங்கள்.

செப்டம்பர், அக்டோபரில் புது ஒயின் வரும். இன்னும் நொதித்துக்கொண்டே இருக்கும் கலங்கலான சாறு அது, மூடியைக்கூட இறுக்க மாட்டார்கள். புது வால்நட், ரொட்டி, உப்புப் பன்றிக்கறி, இவற்றோடு அன்றே குடித்துவிட வேண்டும். அதே சமயத்தில் புது முட்டைக்கோசின் ஷுக்ரூத்தும் வந்துவிடும், எனக்குப் பிடித்த காலம் இது. கோசை மெல்லியதாகச் சீவி, உப்புப் போட்டு, தொட்டியில் வாரக்கணக்கில் புளிக்க வைப்பார்கள். அப்புறம் ஜூனிப்பர் என்ற செடியின் வாசனைப் பழங்கள், வாத்துக் கொழுப்பு, வெள்ளை ஒயின் சேர்த்து மெதுவாக வேகவைத்து, மேலே சாசேஜும் பன்றிக்கறியும் குவிப்பார்கள். புளிப்பு, உப்பு, கொழுப்பு மூன்றும் ஒரே தட்டில். இதற்கு ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினில் செக் வகை, வேறு எதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ரீஸ்லிங்கின் புளிப்பு கோசின் புளிப்புக்கு ஈடுகொடுக்கும், கொழுப்பையும் வெட்டும். வாசனைக்கு ஆசைப்பட்டு கெவூர்ஸ்ட்ராமினர் கேட்பவர்கள் உண்டு. அதில் புளிப்பு குறைவு, கோசின் முன்னால் எடுபடாது. அவர்களிடம் "கொஞ்சம் பொறுங்கள், சீஸ் வரும்போது அதைக் கொண்டுவருகிறேன்" என்று சொல்லிவிடுவேன்.

அந்த சீஸ் முன்ஸ்டர். மலைப் பள்ளத்தாக்கில் மாட்டுப்பாலில் செய்வது, தோலை அடிக்கடி உப்புநீரால் துடைத்துப் பழுக்க வைப்பதால் அடுத்த அறைவரை மணக்கும். பக்கத்தில் சீரகம் போன்ற கார்வி விதையைத் தருவார்கள். இங்கே சிவப்பு ஒயின் தோற்றுப்போகும். கெவூர்ஸ்ட்ராமினரின் ரோஜா மணம், லிச்சிப் பழ மணம், லேசான இனிப்பு எல்லாம் சேர்ந்து அந்த உப்புக்கும் வீச்சத்துக்கும் எதிரே நிமிர்ந்து நிற்கின்றன. சீஸ் நன்றாகப் பழுத்திருந்தால் தெமி செக் அல்லது முவாலே எடுங்கள்.

குளிர்காலத்தில் பேக்கஓஃபே. மாடு, பன்றி, ஆடு மூன்றையும் முந்தின இரவே வெள்ளை ஒயினில் ஊறவைத்து, உருளைக்கிழங்கும் வெங்காயமும் அடுக்கி, மண்சட்டியின் மூடியை மாவால் ஒட்டி, மணிக்கணக்கில் அடுப்பில் வைப்பது. ஊறவைத்த ஒயினையே மேசைக்கும் வையுங்கள். சில்வனேரோ ரீஸ்லிங்கோ ஊற்றியிருந்தால் அதில் இன்னொரு பாட்டில். கனமாக வேண்டுமென்றால் பினோ கிரி செக். கிறிஸ்துமஸ் இரவில் வாத்து ஈரலோடு மிக இனிப்பான 'வாந்தாஞ் தார்திவ்' ஊற்றுவது பலர் வீட்டு வழக்கம். தாமதமாக, பழம் கொடியிலேயே வற்ற ஆரம்பித்த பிறகு பறித்துச் செய்யும் ஒயின் அது. அருமையான ஒயின்தான், ஆனால் விருந்தின் தொடக்கத்திலேயே அவ்வளவு இனிப்பு நாக்கில் ஏறினால் பின்னால் வரும் எதுவும் ருசிக்காது. ஈரலுக்கு பினோ கிரி தெமி செக் போதும். அந்த இனிப்பு பாட்டிலைக் கடைசியில் கிறிஸ்துமஸ் பிஸ்கட்டுகளோடு திறங்கள்.

நம் வீட்டுச் சாப்பாட்டுக்கு வருகிறேன். பிரான்ஸில் இருக்கும் புதுச்சேரிக்காரர்கள் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை மேசையில் ஒயினும் இருக்கும், மீன் குழம்பும் இருக்கும். "அக்கா, குழம்புக்கு எதை எடுக்கட்டும்?" என்று மாமா மகள் போனில் கேட்டுக்கொண்டே இருப்பாள். புளிக் குழம்பு என்றால் ரீஸ்லிங் தெமி செக். புளிக்குப் புளிப்பு, மிளகாய்க்கு இனிப்பு, இரண்டும் அதில் உண்டு. பாட்டிலின் பின்னால் பார்த்து ஆல்கஹால் 12 சதவீதத்துக்குள் இருப்பதை எடுங்கள். பிரியாணிக்கும் தேங்காய் அரைத்த குருமாவுக்கும் பினோ கிரி தெமி செக். மீன் வறுவலுக்குக் கிரெமாங். ரசத்துக்கும் தயிர்ச் சோற்றுக்கும் ஒயின் வேண்டாம், எதை ஊற்றினாலும் இரண்டும் கெடும்.

குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடனே வெள்ளை ஒயினை ஊற்றாதீர்கள். 4 டிகிரியில் மணமே வராது. ரீஸ்லிங், மஸ்கட் என்றால் பத்து நிமிடம், பினோ கிரி, கெவூர்ஸ்ட்ராமினர் என்றால் இருபது நிமிடம் வெளியே வையுங்கள். கிரெமாங் மட்டும் ஜில்லென்றே இருக்கலாம்.

இந்தப் பக்கம் வந்தால் ஏகிஷைம், துர்க்கைம் போன்ற ஊர்களில் தயாரிப்பாளர் வீட்டிலேயே ருசி பார்த்து வாங்கலாம். ரிபோவில்லே கூட்டுறவு 1895இல் தொடங்கியது, பிரான்ஸின் மிகப் பழைய ஒயின் கூட்டுறவுகளில் ஒன்று. எங்கே போனாலும் "உங்களிடம் சிறந்தது எது?" என்று கேட்காதீர்கள், விலை கூடியதைத்தான் எடுத்து வைப்பார்கள். "இன்று ராத்திரி இதைச் சமைக்கப் போகிறேன்" என்று சொல்லுங்கள். எவ்வளவு புளி, எவ்வளவு காரம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர்களே அடுத்த கேள்வி கேட்பார்கள்.

மிஞ்சிய ரீஸ்லிங்கை மூடி குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். கிரெமாங்கை மறுநாளே முடித்துவிடுங்கள். அதற்கும் மேல் போனால் வெங்காயத்தோடு மஸ்ஸல் சிப்பி வேகவைக்கும் சட்டியில் ஊற்றலாம்.