மோடை நீக்கும் முன் வண்டியை ஓரமாக நிறுத்துங்கள்

பெங்களூர் அல்சூரில் நாங்கள் கீழ்வீடு, அண்ணன் குடும்பம் மேல்வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் மகன் தடதடவென்று படியிறங்கி வந்தான். முகமே சரியில்லை. "அத்தை, என் கம்பெனியையே காணோம்" என்றான்.

அவன் சொன்னது யூரோ டிரக் சிமுலேட்டர் 2 என்ற லாரி ஓட்டும் கம்ப்யூட்டர் கேமில் ஏறக்குறைய ஒரு வருஷமாக அவன் வளர்த்த லாரி கம்பெனியை. மோட் என்றால் கேமை மாற்ற நாம் மேலே சேர்க்கிற கூடுதல். தமிழ்நாட்டு அரசுப் பேருந்து மோட் ஒன்று, பெரிய மேப் மோட் ஒன்று, ஹாரன் சத்தத்துக்கு ஒன்று என்று இருபது முப்பது மோட்கள் சேர்த்து வைத்திருந்தான். ஓசூர் தாண்டி சேலம் போகிற பஸ்ஸை அவனே ஓட்டுகிற மாதிரி இருக்கும் என்பதால் அந்தப் பேருந்து மோட் மேல் அவனுக்கு உயிர். கம்ப்யூட்டர் திணற ஆரம்பித்ததும், மோட் ஃபோல்டரைத் திறந்து உள்ளே இருந்த எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் அழித்துவிட்டான். அடுத்து கேமைத் திறந்தபோது ஏதோ எச்சரிக்கை வந்திருக்கிறது. படிக்காமல் ஓகே கொடுத்திருக்கிறான். ஓட்டிக்கொண்டிருந்த வண்டி இல்லை. மேப் மோடில் வாங்கிய கராஜ்கள் இல்லை. அங்கே வேலைக்கு வைத்த டிரைவர்களும் இல்லை.

ஒரு வருஷ உழைப்பு போனால் வருத்தம் வருத்தம்தான், அது கேமாக இருந்தாலும். அன்று அவனோடு உட்கார்ந்து சரிசெய்தபோது, எனக்குத் தெரிந்த பலரும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள் என்று தோன்றியது. நானும் ஸ்கைரிம் என்ற கேமில் ஒருமுறை விழுந்திருக்கிறேன். அதனால் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு, மோட் என்பது ஒரு ஃபைல், அதை அழித்தால் மோட் போய்விட்டது என்று நினைப்பது. மோட் மூன்று இடத்தில் தங்கும். கேம் ஃபோல்டரில் ஃபைலாக இருக்கும். டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரிலோ விண்டோஸின் ஆப்டேட்டா ஃபோல்டரிலோ செட்டிங்காக இருக்கும். மூன்றாவதாக, உங்கள் ஆட்டம் எங்கே நிற்கிறது என்று பதிந்து வைக்கும் சேவ் ஃபைலுக்குள்ளேயே ஊறியிருக்கும். முதல் இரண்டையும் துடைத்தாலும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். மூன்றாவதில்தான் ஆபத்து இருக்கிறது. உங்கள் வண்டி மோடிலிருந்து வந்தது, நீங்கள் நிற்கும் ஊர் மோடிலிருந்து வந்தது என்றால், மோட் போன பிறகு சேவ் ஃபைல் தேடுகிற வண்டியும் இல்லை, ஊரும் இல்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலான கேம்களில், மோட் இல்லாமல் பழைய சேவைத் திறந்து பார்ப்பதால் அது கெட்டுப்போவதில்லை. திறந்த பிறகு மறுபடி சேவ் செய்தால்தான் சேதம் நிரந்தரமாகிறது. அண்ணன் மகன் பிழைத்தது இதனால்தான். திறந்து, பதறி, இரண்டு நிமிஷம் ஓட்டியிருக்கிறான். ஆட்டோசேவ் ஒன்று புதிதாக விழுந்திருந்தது. ஆனால் அவன் கையால் செய்திருந்த பழைய சேவ் தனியாக அப்படியே இருந்தது. அதே மோட்களை, அதே வெர்ஷனில், திரும்ப இறக்கிப் போட்டோம். அந்தப் பழைய சேவைத் திறந்தோம். பதினைந்து நாள் ஆட்டம்தான் போனது, கம்பெனி வந்துவிட்டது.

ஆக, ஏதோ காணவில்லை என்று தெரிந்த நொடியில் சேவ் செய்யாமல் வெளியே வந்துவிடுங்கள். ஸ்டார்ட்யூ வேலியில் இது சுலபம். அந்த கேம் நாள் முடிந்து தூங்கப்போகும்போது மட்டும்தான் சேவ் ஆகும். மோடை எடுத்துவிட்டு, பண்ணையைச் சுற்றிப் பார்த்து, பெட்டிகளைத் திறந்து பார்த்து, திருப்தியில்லை என்றால் தூங்காமலே மூடிவிடலாம். மோட் தந்த பொருள் எல்லாம் 'எரர் ஐட்டம்' என்று காட்டினால் அதுவே அறிகுறி. மோட் சேர்த்த புதிய இடத்தில் நீங்கள் பெட்டி வைத்து சாமான் போட்டிருந்தால், மோடோடு அந்த இடமும் போகும், சாமானும் போகும். முதலில் அவற்றைத் தூக்கி வந்து சொந்த வீட்டில் வையுங்கள்.

மைன்கிராஃப்ட் இதற்கு நேர் எதிர். அது விளையாட விளையாடத் தானாகவே உலகத்தை எழுதிக்கொண்டிருக்கும். மோட் பிளாக்குகளால் கட்டிய வீட்டின் பக்கம் மோட் இல்லாமல் நடந்து போனாலே போதும், அந்த இடங்கள் காற்றாகி, அப்படியே சேவும் ஆகிவிடும். பிறகு மோடைத் திரும்பப் போட்டாலும் சுவர் திரும்பாது. மோட்களை ஓட வைக்கும் ஃபோர்ஜ் போட்டிருந்தால், சில பிளாக்குகளைக் காணவில்லை, தொடரட்டுமா என்று உலகத்தைத் திறக்கும்போதே கேட்கும். அந்தக் கேள்வியில் நின்று படியுங்கள். சேவ்ஸ் ஃபோல்டரில் இருக்கும் உங்கள் உலகத்தின் ஃபோல்டரை முதலில் வேறு இடத்தில் நகலெடுத்த பிறகுதான் சரி சொல்ல வேண்டும்.

யூரோ டிரக்கில் மோடை எடுக்க ஒரு வரிசை இருக்கிறது. கையில் உள்ள டெலிவரியை முடியுங்கள். மோட் வண்டியை விற்றுவிட்டு கேமோடு வந்த வண்டி ஒன்றை வாங்குங்கள். மேப் மோடிலிருந்து வெளியேறி, அசல் மேப்பில் இருக்கும் ஊருக்கு வந்து, உங்கள் தலைமையகத்தையும் அங்கே மாற்றி, வண்டியை நிறுத்தி, புதிய பெயரில் ஒரு சேவ் போடுங்கள். பிறகு ஆட்டத்திலிருந்து ப்ரொஃபைல் திரைக்கு வந்து, அங்கே உள்ள மோட் மேனேஜரில் மோடை அணையுங்கள். ஃபைலை அழிப்பது கடைசி வேலை. அணைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பார்த்த பிறகு அழித்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

ஸ்கைரிம் விஷயத்தில் நான் இன்னும் கறாராகப் பேசுவேன். 2011-இல் வந்த கேம், 2016-இல் ஸ்பெஷல் எடிஷன் வந்தது, இன்றைக்கும் மோடுக்காகவே அதைப் பலர் விளையாடுகிறார்கள். அதில் ஸ்கிரிப்ட், அதாவது பின்னணியில் ஓடும் சின்ன நிரல், உள்ள மோட் ஓடும்போது, அந்த ஸ்கிரிப்ட் எந்த நிலையில் நிற்கிறது என்பதும் சேவுக்குள் எழுதப்படுகிறது. மோடை எடுத்தாலும் அந்தப் பதிவு சேவுக்குள் அனாதையாகக் கிடக்கும். உடனே ஒன்றும் தெரியாது. பத்து மணி நேரம், இருபது மணி நேரம் கழித்து ஒரு ஊருக்குள் நுழையும்போது கேம் மூடிக்கொள்ளும். எனக்கு நடந்தது இதுதான். கூட வரும் துணையாள் மோட் ஒன்றை எடுத்துவிட்டு, எல்லாம் நன்றாகத்தான் போகிறது என்று நம்பி, பழைய சேவ்களை எல்லாம் இடம் அடைக்கிறது என்று அழித்துவிட்டேன். கேம் விழ ஆரம்பித்தபோது திரும்பிப் போக எனக்கு வழியே இல்லை.

ரீசேவர் போன்ற கருவிகள் அந்த அனாதைப் பதிவுகளைப் பொறுக்கி எடுக்கும். நல்ல கருவிதான். ஆனால் அதனால் சேவ் புதிதுபோல் ஆகிவிடும் என்று நம்ப வேண்டாம். என் தீர்மானம் இது: நிறத்தையும் சத்தத்தையும் மாற்றும் மோட்களை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். வாள், உடை, வண்டி என்று பொருள் சேர்க்கும் மோட்களை, அந்தப் பொருளைக் கழற்றி வைத்துவிட்டு எடுக்கலாம். புதிய நிலம், புதிய கதை, பின்னணியில் ஓடும் ஸ்கிரிப்ட் உள்ள மோட்களை நடு ஆட்டத்தில் எடுக்கவே கூடாது. அந்த ஆட்டம் முடியும் வரை வைத்திருங்கள், அல்லது மோட் போடுவதற்கு முந்தைய சேவுக்குத் திரும்புங்கள்.

எல்லா மோடையும் ஒன்றாகத் தூக்குவதும், அடித்தளமான மோடை முதலில் உருவுவதும் அடுத்த தவறு. ஒரு மோட் இன்னொன்றின் மேல் உட்கார்ந்திருக்கும். ஸ்கைரிமில் கீழே இருக்கிற பிளகினை, அதாவது மோடின் முக்கிய ஃபைலை, எடுத்துவிட்டு மேலே இருப்பதை விட்டால், மெனு வருவதற்கு முன்பே கேம் விழும். மேலே இருப்பதை முதலில் எடுங்கள். எந்த மோட் தொல்லை தருகிறது என்று தெரியாமல் தேடுகிறீர்கள் என்றால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியதில்லை. பாதியை அணைத்துப் பாருங்கள். தொல்லை நின்றால் அணைத்த பாதியில் இருக்கிறது, நிற்காவிட்டால் மீதிப் பாதியில். இப்படிப் பாதி பாதியாகப் போனால், குற்றவாளி ஒன்றுதான் என்றால், 64 மோட்களில் அதை 6 சோதனையில் பிடித்துவிடலாம். இந்தச் சோதனைக்குப் புதிய ஆட்டம் ஒன்றைத் தொடங்குங்கள், உங்கள் அருமையான சேவைப் பலி கொடுக்காதீர்கள்.

மோட்களைப் போடவும் எடுக்கவும் உதவும் மோட் மேனேஜர் வழியாகப் போட்டதைக் கையால் அழிப்பதும் சிக்கலில் கொண்டுபோய் விடும். வோர்டெக்ஸ் என்ற மேனேஜர் வழக்கமாக ஹார்ட்லிங்க் முறையில் கேம் ஃபோல்டரில் ஃபைலைக் காட்டுகிறது. ஒரே ஃபைல், இரண்டு இடத்தில் பெயர். ஒரு பக்கம் அழித்தால் வோர்டெக்ஸ் குழம்பி, எதை வைத்துக்கொள்ள என்று கேள்வி கேட்கும். அதிலேயே பர்ஜ் கொடுத்தால் கேம் ஃபோல்டரில் அது வைத்ததை எல்லாம் சுத்தமாக விலக்கிக்கொள்ளும். மோட் ஆர்கனைசர் 2 என்ற இன்னொரு மேனேஜர் கேம் ஃபோல்டரைத் தொடுவதே இல்லை, தனி இடத்தில் மோட்களை வைத்துக்கொண்டு, ஓடும்போது மட்டும் கேமுக்குக் காட்டுகிறது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

இனி, மிகப் பரவலான நம்பிக்கை ஒன்று: "அன்இன்ஸ்டால் பண்ணி மறுபடி போட்டால் சுத்தமாகிவிடும்." ஆகாது. கேமை வாங்கி இறக்க நாம் பயன்படுத்தும் ஸ்டீம் செயலி, தான் வைத்த ஃபைல்களைத்தான் எடுக்கும். நீங்கள் கையால் போட்டவை அதே ஃபோல்டரில் கிடக்கும். மறுபடி இன்ஸ்டால் செய்ததும் அதே மோட் ஃபைல்கள் வேலையை ஆரம்பிக்கும். ஃபைல்களைச் சரிபார்க்கும் வசதியும் அப்படித்தான். மாறிப்போனதையும் காணாமல் போனதையும் அசலாக்கும். கூடுதலாக இருப்பதைத் தொடாது. அதனால் அன்இன்ஸ்டால் செய்த பிறகு ஸ்டீம்ஆப்ஸ் கீழே காமன் ஃபோல்டருக்குள் போய் அந்த கேமின் பெயரில் மீதி இருப்பதைக் கையால் எடுங்கள். ஜிடிஏ 5 போல 100 ஜிபிக்கு மேல் இறக்க வேண்டிய கேமுக்கு இது தெரியாமல் இரண்டு முறை டவுன்லோட் செய்து, மாத டேட்டாவை முடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஜிடிஏ பற்றி ஒரு வார்த்தை தனியாக. கதை ஆட்டத்தில் மோட் போட்டவர்கள், ஆன்லைனுக்குள் போவதற்கு முன் மோட்கள் ஓட உதவும் ஸ்கிரிப்ட்ஹூக், டிஇன்புட்8 என்ற டிஎல்எல் ஃபைல்கள், ஏஎஸ்ஐ என்று முடியும் ஃபைல்கள் எல்லாவற்றையும் கேம் ஃபோல்டருக்கு வெளியே நகர்த்த வேண்டும். 2024 செப்டம்பரில் ஜிடிஏ ஆன்லைனில் பேட்டில்ஐ என்ற ஏமாற்றுத் தடுப்பு சேர்க்கப்பட்டது. தடை விழுந்தால் அது கணக்கின் மேல் விழும். நம் வீடுகளில் அண்ணன் தம்பி எல்லோருக்கும் சேர்த்து ஒரே கணக்குதான் இருக்கும், யோசித்துக்கொள்ளுங்கள்.

சிம்ஸ் 4-க்கு வேலை குறைவு. டாக்குமென்ட்ஸில் உள்ள மோட்ஸ் ஃபோல்டரை அழிக்காமல் டெஸ்க்டாப்புக்கு நகர்த்துங்கள், அதற்கு வெளியே பக்கத்தில் இருக்கும் லோக்கல்தம்ப்கேஷ் ஃபைலை அழியுங்கள். அது தானாகத் திரும்ப உருவாகும். தலைமுடி மோடை எடுத்தால் கதாபாத்திரத்தின் முடி மாறியிருக்கும். மறுபடி சேவ் செய்யாதவரை கவலையில்லை. ஒன்ட்ரைவ் ஓடும் கணினியில் டாக்குமென்ட்ஸ் இரண்டு இருக்கலாம் என்பதை மட்டும் மறக்காதீர்கள். தவறான ஃபோல்டரைக் காலி செய்துவிட்டு, மோட் போகவில்லையே என்று தவிக்கிறார்கள்.

சேவ் ஃபைலை இணையத்தில் நகலெடுத்து வைக்கும் கிளவுடும் இப்படித்தான் குழப்பும். நீங்கள் அழித்த சேவை அது திரும்பக் கொண்டுவரும், அல்லது கெட்ட சேவை மேலே ஏற்றி நல்லதை மூடிவிடும். சோதனை நடக்கும்வரை அந்த கேமுக்கு மட்டும் ஸ்டீம் கிளவுடை அணைத்து வையுங்கள். பேக்கப் என்று நான் சொல்வது, சேவ் ஃபோல்டரை அப்படியே நகலெடுத்து, பெயரில் தேதி போட்டு, பென் டிரைவில் வைப்பதை. எஸ்பி ரோட்டில் ஒரு பென் டிரைவ் வாங்குகிற காசு, ஒரு வருஷ ஆட்டத்துக்கு முன்னால் பெரிதில்லை.

போனில் விளையாடுபவர்களுக்கும் இது உண்டு. பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியாவில் பேருந்து மோட் போடுவது வேறு, 'மோட் ஏபிகே' என்று மாற்றிய செயலியையே போடுவது வேறு. முன்னதை எடுப்பது எளிது. இரண்டாவதில், செயலியைச் செய்தவர் யார் என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம் மாறியிருக்கும், அதனால் பிளே ஸ்டோர் வெர்ஷனை அதன் மேல் போட ஆண்ட்ராய்டு விடாது. அந்தச் செயலியை முழுதாக நீக்க வேண்டும், நீக்கினால் போனில் அதன் டேட்டாவும் போகும். அதற்கு நல்ல வழி எதுவும் நான் கண்டதில்லை. முதலிலேயே போடாமல் இருப்பதுதான்.

அண்ணன் மகன் இப்போது பேருந்து மோடை அப்படியே வைத்துக்கொண்டு மேப் மோடை மட்டும் நீக்கியிருக்கிறான். அதற்கு முன் வண்டியை அசல் மேப்புக்கு ஓட்டி வந்து, நிறுத்தி, சேவ் போட்டு, ஃபோல்டரை பென் டிரைவில் ஏற்றிக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தான். பெயரில் தேதி இருந்தது.