சேலம் வீட்டு கேமராவுக்கு ஓர் இரவு ஒதுக்குங்கள்

டொராண்டோவில் கோடைக்காலத்து மாலை நாலரை மணி என்றால் சேலத்தில் பின்னிரவு இரண்டு. கன்னங்குறிச்சி வீட்டு வாசல் கேமராவிலிருந்து அந்த நேரத்தில்தான் எனக்கு அலர்ட் வரிசையாக வரும். அப்பாவும் அம்மாவும் தனியாக இருக்கும் வீடு. முதல் மாதம் ஒவ்வொன்றையும் பதறிப்போய்த் திறந்து பார்த்தேன். பூச்சி, தென்னங்கீற்றின் நிழல், இல்லையென்றால் எறும்பு மொய்த்தது போல ஒரு கறுப்பு வெள்ளைப் படம். இரண்டாவது மாதம் அந்த ஆப்பின் சத்தத்தை நிறுத்திவிட்டேன். அந்த மாதத்தில்தான் ஒரு ராத்திரி அம்மா வாசல்படியில் வழுக்கி விழுந்தார். கேமரா ஒழுங்காக அலர்ட் அனுப்பியிருந்தது. நான் பார்க்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், லீவுக்கு ஊருக்குப் போனால் முதல் வாரத்திலேயே ஓர் இரவை கேமராவுக்கென்று ஒதுக்குங்கள். நேர மாற்றத்தில் எப்படியும் இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடும். கிளம்பும் நாளுக்குத் தள்ளிப்போட வேண்டாம். கேமரா போட்டுக் கொடுத்தவரைக் கூப்பிட்டால் பகல் பதினோரு மணிக்கு வந்து, "படம் சூப்பராத்தானே இருக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். பகலில் எல்லா கேமராவும் நன்றாகத்தான் இருக்கும்.

போன வருஷம் ஸ்டூல் போட்டு ஏறி, டார்ச் அடித்துப் பார்த்தேன். லென்ஸுக்கு முன்னால் குறுக்கே ஒற்றை நூலாம்படை. இருட்டில் படம் எடுக்க லென்ஸைச் சுற்றியுள்ள ஐஆர் (அகச்சிவப்பு) விளக்கு, கண்ணுக்குத் தெரியாத அந்த நூலைப் பளீரென்று காட்டுகிறது. காற்று வரும்போதெல்லாம் திரையில் வெள்ளைக் கயிறு ஆடுகிறது. நூலில் சிக்கும் கொசுவுக்காகச் சுவரில் ஒரு பல்லி காத்திருந்தது. அது தலையைத் திருப்பியதும் என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மூக்கனேரிப் பக்கம் கொசுவுக்கும் பூச்சிக்கும் குறைவில்லை. மழை விட்ட மறுநாள் ஈசல் கிளம்பினால் கேட்கவே வேண்டாம். லென்ஸுக்கு அருகில் பறக்கிற சின்னப் பூச்சிமேல் ஐஆர் வெளிச்சம் முழுசாக விழுவதால் பந்து அளவுக்கு வெள்ளையாகத் தெரியும்.

ஒட்டடைக்குச்சியால் சுற்றிலும் துடைத்து, கண்ணாடியை மெத்தென்ற துணியால் துடைத்தாலே பாதி அலர்ட் போய்விடும். டோம் கேமராவாக இருந்தால் அதன் அரைக்கோள மூடியில் படிந்த தூசியும் கைரேகை எண்ணெய்ப் பிசுக்கும் ஐஆர் வெளிச்சத்தைச் சிதறடித்துப் படத்தையே பாலில் நனைத்தது போலாக்கும். ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளேயிருந்து வெளியே பார்க்கும் கேமரா என்றால் ஐஆரை அணைத்தே ஆக வேண்டும். வெளிச்சம் கண்ணாடியில் பட்டு அப்படியே திரும்பி வரும்.

அப்புறம் அந்த எறும்பு மொய்ப்பு. வெளிச்சம் போதாத இடத்தில் கேமரா கிடைத்த கொஞ்ச சிக்னலைப் பெருக்கிக் காட்டப் பார்க்கும். இதைத்தான் கெயின் என்கிறார்கள். ஸ்டேஷன் சரியாகக் கிடைக்காத ரேடியோவில் வால்யூமைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து கூடுமே, அதே கதைதான். அந்தப் புள்ளிகள் ஒவ்வொரு ஃபிரேமிலும் இடம் மாறுவதால், அசைவைக் கண்டு அலர்ட் அனுப்பும் சாதாரண மோஷன் டிடெக்ஷன் யாரோ நடமாடுவதாக நினைத்துக்கொள்கிறது. புள்ளிகள் கூடக்கூட வீடியோவின் அளவும் பெருத்து ஹார்ட் டிஸ்க்கும் சீக்கிரம் நிரம்பும்.

இதற்கு மருந்து வெளிச்சம். புது கேமரா வாங்குவதற்கு முன்னால் ஒரு பல்பு வாங்குங்கள். மஞ்சள் நிற 9 வாட் எல்.இ.டி. பல்பை கேமராவை விட்டு நாலைந்து அடி தள்ளி, நடைபாதைமேல் விழுகிற மாதிரி போட்டால் போதும். வெள்ளை வெளிச்சத்தைவிட மஞ்சளுக்குப் பூச்சி குறைவாக வரும். வந்தாலும் பல்பைச் சுற்றும், லென்ஸைச் சுற்றாது. "ராத்திரி பூரா லைட்டா?" என்று அப்பா முகம் சுளித்தார். பன்னிரண்டு மணி நேரம் எரிந்தாலும் மாதத்துக்கு மூன்றேகால் யூனிட்தான் என்று காகிதத்தில் போட்டுக் காட்டிய பிறகு, அவரே தினமும் சுவிட்ச் போடுகிறார். வெளிச்சம் வந்ததும் செட்டிங்கில் கெயின் உச்சவரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பாருங்கள். நாய்ஸ் குறைப்பு என்று இருப்பதை நடுவில் வையுங்கள். முழுக்க ஏற்றினால் புள்ளி போகும், ஆனால் நடந்து வருபவர் பின்னால் வால் இழுத்த ஆவி மாதிரி தெரிவார்; முகம் தெரியாது.

பிள்ளைகளுக்கு ஜூலை, ஆகஸ்டில் லீவு. நம் ஊரில் அப்போது ஆடி. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், தென்னங்கீற்று சும்மா இருக்குமா? மரம், தெரு, கொடியில் காயும் துணி எல்லாவற்றையும் கண்காணிப்புப் பகுதியிலிருந்து விலக்கி, கேட்டுக்கும் வாசலுக்கும் இடைப்பட்ட இடத்தை மட்டும் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். கோட்டை மாரியம்மன் பண்டிகை சமயத்தில் தெருவில் கட்டும் சீரியல் லைட் அணைந்து எரிவதும் அலர்ட்டைக் கிளப்பும். ஆள், வண்டி மட்டும் என்று பிரித்துச் சொல்லும் வசதி உங்கள் கேமராவில் இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து கேமரா வாங்கிவருகிறவர்களுக்கு ஒன்று. அமெரிக்காவிலும் கனடாவிலும் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. செட்டிங்கை மாற்றாவிட்டால் டியூப்லைட் வெளிச்சத்தில் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். நேர மண்டலத்தையும் இந்திய நேரத்துக்கு மாற்றுங்கள். கேட்டருகே நீள வயரில் போட்ட பழைய 12 வோல்ட் கேமரா ராத்திரியில் மட்டும் அணைந்து அணைந்து வருகிறதா? ஐஆர் எரியும்போது அதிக மின்சாரம் இழுக்கும், மெல்லிய வயரில் வோல்டேஜ் இறங்கிவிடும். வயரையும் அடாப்டரையும் மாற்றிப் பார்த்துவிட்டு கேமராமேல் சந்தேகப்படுங்கள்.

ஏற்காட்டில் வீடோ காபித் தோட்டமோ வைத்திருப்பவர்களின் தொல்லை வேறு. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய்ப் பார்த்தால் திரை முழுக்க வெள்ளைச் சுவராக இருக்கும். மூடுபனியின் நீர்த்துளிகள் ஐஆரை நேரே லென்ஸுக்குத் திருப்பி அனுப்புகின்றன. ஐஆர் சக்தியைக் கூட்டினால் இன்னும் வெளுக்கும். கேமராவின் ஐஆரை அணைத்துவிட்டு, தனி ஐஆர் விளக்கையோ சாதா பல்பையோ பக்கவாட்டில் சில அடி தள்ளி வைத்தால் கேட் வரைக்குமாவது தெரியும். அடர்ந்த பனியில் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. அங்கே கதவு திறந்தால் சொல்லும் காந்த சென்சார் ஒன்றைக் கூடவே வையுங்கள், பனி அதை ஒன்றும் செய்யாது.

எல்லாம் முடிந்தபின் ராத்திரி பத்து மணிக்கு மேல் வீட்டாரை நடக்கச் சொல்லிப் பாருங்கள். நான் மொட்டை மாடியில் போனோடு உட்கார்ந்துகொண்டேன். அம்மா கேட்டைச் சாத்திவிட்டு, மெதுவாகப் படியேறி வந்து, கேமராவை அண்ணாந்து பார்த்து, "தெரியுதா கண்ணு?" என்று கேட்டார். ஒரே ஒரு அலர்ட் வந்தது. முகம் தெளிவாகத் தெரிந்தது.